வைத்த தட்டு நாயுடையது

குட்டி நாய் ஒன்று வீட்டுக்கு வந்ததும் யாராவது ஒருவர் இந்த அறிவுரையைச் சொல்லிவிடுவார்: "அது சாப்பிடும்போது தட்டுல கை வெச்சுப் பழக்குங்க. பாதியில தட்டை எடுத்துட்டுத் திரும்ப வைங்க. அப்பதான் பெருசானப்புறம் கடிக்காது." சொல்பவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். அவர் வளர்த்த நாய் அதைப் பொறுத்துக்கொண்டும் இருந்திருக்கும். ஆனாலும் இது தவறான அறிவுரை. சாப்பாட்டைக் காக்கவே நினைக்காத நாயையும் காக்க வைத்துவிடுகிற பழக்கம் இது. தட்டைத் தரையில் வைத்துவிட்டால் அது நாயுடையது. தின்று முடித்து அது நகரும் வரை அந்தப் பக்கம் நமக்கு வேலை இல்லை. நாய் வளர்ப்பவர்களிடம் நான் மிகவும் அழுத்திச் சொல்வது இதைத்தான்.

நாயின் பக்கம் நின்று பாருங்கள். அது சாப்பிட ஆரம்பிக்கிறது. காலடி ஓசை கேட்கிறது. ஒரு கை வருகிறது. சாப்பாடு போய்விடுகிறது. கொஞ்ச நேரத்தில் திரும்ப வந்துவிடும் என்பது நமக்குத் தெரியும், அதற்குத் தெரியாது. உணவுக்கு முன்னால் தவறாமல் கேட்கும் எந்த ஓசையும் நாளடைவில் உணவின் அறிகுறியாகி நாயின் வாயில் எச்சிலை ஊற வைத்துவிடும் என்று ருஷ்ய உடலியலாளர் இவான் பாவ்லவ் நூறு வருடங்களுக்கு முன்பே காட்டிவிட்டார். அதே விதி மறுபக்கமும் வேலை செய்யும். உணவு பறிபோவதற்கு முன்னால் தவறாமல் கேட்பது உங்கள் காலடி என்றால், அந்த ஓசை கேட்டதுமே நாயின் உடம்பு விறைக்கத் தொடங்கும். பழக்குகிறோம் என்று நாம் நினைக்கிறோம். நாயும் பழகத்தான் செய்கிறது, ஆனால் வேறொன்றை.

இந்தத் தட்டு எடுக்கும் பழக்கத்துக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. நாய் எப்போதும் நம் தலைக்கு மேல் ஏறப் பார்க்கும், யார் எஜமான் என்று காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்கிற கதை. 1947-ல் ருடால்ஃப் ஷெங்கல் என்ற விலங்கியலாளர், சுவிட்சர்லாந்தின் பாசல் விலங்குக்காட்சிச் சாலையில் அடைத்து வைக்கப்பட்டிருந்த ஓநாய்களைக் கவனித்து எழுதிய ஆய்வு இதன் தொடக்கங்களில் ஒன்று. விலகிப் போக இடமில்லாத அடைப்புக்குள் அவை முதலிடத்துக்காக மோதிக்கொண்டதை அவர் விவரித்தார். 1970-ல் அமெரிக்க ஓநாய் ஆய்வாளர் டேவிட் மெக் எழுதிய புத்தகம், கூட்டத்தின் தலைமை ஓநாயைக் குறிக்கும் 'ஆல்ஃபா' என்ற சொல்லை உலகம் முழுக்கப் பரப்பியது. அப்புறம் அதே மெக், காட்டில் சுதந்திரமாகத் திரியும் ஓநாய்களை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்துவிட்டு, 1999-ல் தன் பழைய கருத்தைத் திருத்தி எழுதினார். காட்டு ஓநாய்க் கூட்டம் பெரும்பாலும் ஒரு தாய், ஒரு தகப்பன், அவற்றின் பிள்ளைகள், அவ்வளவுதான். பதவிச் சண்டைக்கு அங்கே பெரிய இடமில்லை. தன் பழைய புத்தகத்தை இனிமேல் அச்சிட வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் அவரே கேட்டுக்கொண்டார்.

மெக் கவனித்த இன்னொரு விஷயம் எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஒவ்வொரு ஓநாயின் வாயைச் சுற்றியும் ஒரு சிறிய வட்டம் உண்டு. அதற்குள் இருக்கும் இரை அந்த ஓநாயுடையது. எந்த ஓநாயும் எந்த ஓநாயிடமிருந்தும் பறிக்க முயலலாம். ஆனால் எவ்வளவு இளையதாக இருந்தாலும் தன் வாயருகே இருப்பதை அது காத்துக்கொள்ளும். ஆக, சாப்பாட்டைக் காப்பதற்கும் அந்தஸ்துக்கும் அங்கேயே தொடர்பில்லை. நாய் ஓநாய் இல்லைதான். ஆயிரக்கணக்கான வருடங்கள் நம்மோடு வாழ்ந்து நிறைய மாறிவிட்ட உயிர் அது. ஆனால் வாயருகே இருப்பதை இழக்கக் கூடாது என்ற உணர்வு அதனிடமும் இருக்கிறது. அது கெட்ட குணமோ திமிரோ துரோகமோ இல்லை. உயிர் பிழைத்த ஒவ்வொரு மூதாதையிடமிருந்தும் அதற்கு வந்து சேர்ந்தது. விலங்கு நடத்தையில் தேர்ந்த அமெரிக்கக் கால்நடை மருத்துவர்களின் சங்கம் 2008-ல், எஜமான்தனம் என்ற கருத்தை வைத்து நாயின் நடத்தையைத் திருத்தப் புறப்பட வேண்டாம் என்று எச்சரித்து அறிக்கையே வெளியிட்டது.

எங்கள் செவலை வளர்ந்த பிறகுதான் எங்களிடம் வந்தாள். அதற்கு முன் எங்கே இருந்தாள், எவ்வளவு பசி பார்த்தாள் என்று சொல்ல யாரும் இல்லை. அவள் ஒருநாளும் உறுமியதில்லை. ஆனால் அவள் சாப்பிடும்போது யாராவது பக்கத்தில் நடந்தால், வாய் இரட்டை வேகத்தில் ஓடும். வந்தவர்கள் பார்த்துவிட்டு "பாவம், நல்ல பசி போல" என்பார்கள். பசி இல்லை அது. ஆள் நகர்ந்ததும் வேகம் தானாகக் குறையும். பசியாக இருந்தால் ஏன் குறைய வேண்டும்? யாரோ பறிப்பதற்குள் உள்ளே தள்ளிவிட வேண்டும் என்ற அவசரம் அது. காப்பதில் அதுவும் ஒரு வகை. தட்டை விட்டு நகராமல் உடம்பால் மறைத்துக்கொள்வது இன்னொரு வகை. ஒரு வாய் கவ்விக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்த் தின்பது வேறொரு வகை. இவற்றில் சத்தம் இல்லாததால் நாம் கவனிப்பதில்லை. உறுமலில்தான் எல்லாம் தொடங்குகிறது என்று நினைத்துக்கொள்கிறோம்.

உறுமலுக்கு முன்னாலேயே நாய் நிறையச் சொல்லிவிடுகிறது. இதை நிதானமாகப் பார்க்கப் பழக வேண்டும். முதலில் மெல்லுவது ஒரு நொடி நிற்கும். தலை தட்டுக்குள்ளேயே தாழ்ந்திருக்க, உடம்பு மட்டும் உறைந்தது போல் இருக்கும். இந்த உறைதல்தான் மிக முக்கியமான அடையாளம், மிக எளிதில் கண்ணில் படாமல் போவதும் இதுதான். அடுத்து, தலையைத் திருப்பாமல் கண்ணை மட்டும் நம் பக்கம் உருட்டும். கண்ணின் ஓரத்தில் வெள்ளை பிறை போலத் தெரியும். காது பின்னால் ஒட்டும். தோளும் கழுத்தும் இறுகும். வால் ஆடிக்கொண்டேகூட இருக்கலாம். வால் ஆடினால் சந்தோஷம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். விறைத்த வாலின் சின்ன வேக ஆட்டம் பதற்றத்திலும் வரும். உதடு லேசாகத் தூக்கிப் பல் நுனி தெரியும். அதற்கும் பிறகுதான் உறுமல். அதற்கும் பிறகு காற்றில் ஒரு கடி, தோலில் படாமல். கடைசியில்தான் நிஜக் கடி. "எந்த எச்சரிக்கையும் இல்லாமல் திடீரென்று கடித்துவிட்டது" என்று சொல்லும் பல வீடுகளில் இந்தப் படிகள் எல்லாம் மாதக்கணக்கில் நடந்திருக்கும், யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

அல்லது, அந்தப் படிகளை வீட்டுக்காரர்களே அடித்து அழித்திருப்பார்கள். உறுமினால் அதட்டுவது, மூக்கில் தட்டுவது, கழுத்தைப் பிடித்துத் தரையில் அமுக்குவது எல்லாம் உறுமலை நிறுத்தும், பயத்தை நிறுத்தாது. இனி உறுமினால் அடி விழும் என்று நாய் கற்றுக்கொள்ளும். ஆனால் தட்டை நோக்கி வரும் கை பற்றிய அதன் கவலை அப்படியே இருக்கும், அடியும் சேர்ந்துகொண்டதால் இன்னும் கூடியிருக்கும். பிறகு உறைதலிலிருந்து நேராகக் கடிக்குப் போகிற நாய் ஒன்று உருவாகும். உறுமுகிற நாயைவிட அதுதான் ஆபத்தான நாய். உறுமலை நான் மரியாதையாகவே எடுத்துக்கொள்கிறேன். கடிக்காமல் பேசித் தீர்க்கப் பார்க்கிற உயிர் அது. உறுமல் கேட்டால் செய்ய வேண்டியது, நின்ற இடத்தில் நிற்பது, பார்வையை வேறு பக்கம் திருப்புவது, மெதுவாகப் பின்னால் போவது. "அப்படிப் போனால் அது ஜெயித்ததாக நினைத்துக்கொள்ளாதா?" என்று மாமா ஒருமுறை கேட்டார். "நினைக்காது மாமா, 'சொன்னா கேக்குறாங்க, கடிக்கத் தேவையில்லை'ன்னுதான் புரிஞ்சுக்கும்" என்றேன். அவர் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதன் பிறகு செவலை சாப்பிடும்போது அவர் கிட்டப் போனதும் இல்லை. அதுவே எனக்குப் போதும்.

இது வெறும் அபிப்பிராயம் இல்லை. 2018-ல் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் நாய் வளர்ப்பவர்களிடம் விரிவாகக் கேள்விகள் கேட்டு ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். சாப்பிடும்போது தட்டை எடுத்துவிடும் வழக்கமுள்ள வீடுகளில், நாய் கடுமையாகவோ அடிக்கடியோ சாப்பாட்டைக் காப்பது கூடுதலாக இருந்தது. மாறாக, நாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது தட்டில் இன்னும் ருசியான ஏதாவது சேர்த்துவிடும் வீடுகளில் அது குறைவாக இருந்தது. கேள்வித்தாளை வைத்துச் செய்த ஆய்வு என்பதால் எது காரணம், எது விளைவு என்று அதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஏற்கெனவே காக்கிற நாயாக இருப்பதால்கூட ஒருவர் தட்டை எடுத்துப் பழக்கத் தொடங்கியிருக்கலாம். ஆனால் தட்டை எடுப்பதால் நன்மை உண்டு என்பதற்கு அதில் ஆதரவு எதுவும் இல்லை. பாவ்லவ் காட்டிய விதியோடும் இது அச்சாகப் பொருந்துகிறது.

சரி, அப்படியானால் வீட்டில் என்ன செய்வது? பெரும்பாலான நாய்களுக்கு, சும்மா விடுவதே போதும். தட்டு வைக்கும் இடத்தை யோசித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடைவழி, வாசல், அடுப்படியில் நாம் குறுக்கும் நெடுக்கும் போகும் பாதை இவை எதுவும் வேண்டாம். ஆள் நடமாட்டம் இல்லாத ஓரம், வருபவர்களை நாய் முன்கூட்டியே பார்க்கக்கூடிய இடம், வேண்டுமென்றால் அது விலகிப் போக வழியுள்ள இடம் நல்லது. தினமும் ஒரே இடம், ஏறக்குறைய ஒரே நேரம். வைப்பதற்கு முன் உட்காரச் சொல்லலாம், அதில் தப்பில்லை. ஆனால் வைத்துவிட்டு எடுப்பது, எடுத்து எடுத்துக் காட்டுவது, வெகுநேரம் காக்க வைத்து அதன் பொறுமையைச் சோதிப்பது வேண்டாம். வைத்தோமா, வந்தோமா என்று இருக்க வேண்டும். சாப்பிடும்போது முதுகைத் தடவுவதும் வேண்டாம். நமக்கு அது பாசம். நாய்க்கு, பின்னாலிருந்து யாரோ நெருங்குகிறார்கள் என்பதுதான் செய்தி. தின்று முடித்து அது வேறு பக்கம் போன பிறகு தட்டை எடுங்கள், அது பார்த்துக்கொண்டு நிற்காதபோது. மிச்சம் வைக்கிற நாய் என்றால் இருபது நிமிடம் விட்டுவிட்டு, அதை வேறு அறைக்குக் கூப்பிட்டுக் கதவை மூடிவிட்டு எடுக்கலாம். நாள் முழுக்கத் தட்டு கிடக்க வேண்டாம். கிடந்தால், நாள் முழுக்கக் காக்க ஒரு பொருள் இருக்கிறது என்று ஆகிவிடும்.

காலித் தட்டையும் காக்கும் நாய்கள் உண்டு. நாய் பெற்ற தெங்கம்பழம் என்று நம் முன்னோர் சும்மா சொல்லவில்லை. தானும் தின்ன முடியாமல், பிறரையும் தொடவிடாமல் காக்கும். எது விலையுள்ளது என்பதை நாம் முடிவு செய்ய முடியாது, நாய்தான் முடிவு செய்யும். நமக்குக் குப்பையாகத் தெரியும் கடித்துப்போட்ட எலும்புத் துண்டு, கசங்கிய காகிதம், குழந்தையின் ஒற்றைக் காலுறை எல்லாம் அதற்குப் பொக்கிஷமாக இருக்கலாம். ஆகவே "வெறும் தட்டுதானே" என்று கை நீட்டாதீர்கள்.

குழந்தைகள் இருக்கும் வீட்டில் இந்த விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. நாய் சாப்பிடும் நேரத்தில் நாய்க்கும் குழந்தைக்கும் நடுவில் மூடிய கதவோ உறுதியான தடுப்போ இருக்க வேண்டும். "பார்த்துக்கொள்கிறேன்" என்பது போதாது. உறைதலிலிருந்து கடி வரை எல்லாமே ஒரு நொடிக்குள் முடிந்துவிடலாம். தொலைபேசி மணி அடித்துத் திரும்பிப் பார்க்கும் நேரம் போதும். அமெரிக்காவில் குழந்தைகளைக் கடித்த நாய்களைப் பற்றிய மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2007-ல் வெளியான ஓர் ஆய்வில், 6 வயதுக்குட்பட்ட குழந்தைகள் கடிபட்ட சூழல்களில் முதலிடத்தில் இருந்தது நாய் தன் உணவையோ பொருளையோ காத்த தருணம். வீட்டுக் குழந்தைகளும் நாய்க்கு நன்கு தெரிந்த குழந்தைகளும் அதிகம் கடிபட்டது உணவை ஒட்டித்தான். குழந்தையை நாய்க்குத் தெரியும், பிடிக்கும் என்பதெல்லாம் தட்டருகே பாதுகாப்பு ஆகாது.

இதற்குக் காரணமும் புரிந்துகொள்ளக்கூடியதே. தவழும் குழந்தையின் முகம் தட்டின் உயரத்திலேயே இருக்கிறது. நடக்கக் கற்கும் குழந்தை தடுமாறி எந்தப் பக்கம் விழும் என்று அதற்கே தெரியாது. கண்ணின் ஓர வெள்ளையும் விறைத்த தோளும் குழந்தைக்குப் படிக்கத் தெரியாத எழுத்துகள். பல்லைக் காட்டும் நாயைப் பார்த்து "சிரிக்குது" என்று சந்தோஷப்படும் வயது அது. என் அக்கா மகனிடம் நாங்கள் சொல்லிக்கொடுத்தது எளிமையான ஒன்று: செவலை சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அவள் நமக்கு இல்லை. அவன் அதைப் பிடித்துக்கொண்டான், வருகிற விருந்தாளிகளுக்கும் அவனே சொல்கிறான். இருந்தாலும் கதவு மூடியே இருக்கும். பாதுகாப்பின் பொறுப்பைச் சின்னப் பிள்ளையின் ஞாபகத்தில் ஏற்றக் கூடாது. இன்னொன்று, குழந்தை கையில் தின்பண்டத்தோடு வீட்டுக்குள் அலைந்தால் அதுவும் சாப்பாட்டு நேரம்தான். அப்போதும் இருவரையும் பிரித்து வைக்க வேண்டும்.

சும்மா விடுவதற்கு மேலும் ஒரு படி போக நினைப்பவர்கள், அதாவது என்றாவது ஒருநாள் அவசரத்தில் தட்டருகே போக நேர்ந்தால் நாய் பதறக் கூடாது என்று நினைப்பவர்கள், காலடி ஓசையின் அர்த்தத்தை மாற்ற வேண்டும். செவலையிடம் நான் செய்தது இதைத்தான். அவள் தட்டில் வழக்கமான, பெரிய ஆர்வம் இல்லாத உணவு. என் கையில் அவளுக்கு உயிரான வேகவைத்த கோழித் துண்டுகள். அவள் சாப்பிடும்போது, அவளுடைய வேகம் மாறாத தூரத்தில் நான் கடந்து போவேன். எவ்வளவு தூரம் என்பதை அவள்தான் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் அது அறையின் மறுகோடியாக இருந்தது. கடக்கும்போது ஒரு துண்டைத் தட்டின் பக்கமாக எறிவேன். நிற்க மாட்டேன், உற்றுப் பார்க்க மாட்டேன், பேச மாட்டேன். எறிந்துவிட்டு அப்படியே போய்விடுவேன்.

இதில் போய்விடுவதுதான் பாதிப் பாடம். மனிதர் வருகிறார், நல்லது ஒன்று விழுகிறது, மனிதர் போகிறார், என் சாப்பாடு என்னிடமே இருக்கிறது. இந்த வரிசை திரும்பத் திரும்ப நடந்தால், காலடி கேட்டதும் விறைத்த உடம்பு மெல்லத் தளரும். ஒரு கட்டத்தில் நாய் தட்டிலிருந்து தலையைத் தூக்கி, வாய் தளர்ந்து, வால் அகலமாக ஆட, "இப்ப என்ன கொண்டு வந்தே?" என்பது போலப் பார்க்கும். அந்தப் பார்வை வந்த பிறகுதான் ஓர் அடி கிட்டப் போகலாம். அது வராமல் கிட்டப் போகக் கூடாது. கிட்டப் போனதும் மறுபடி வேகமாக விழுங்கினாலோ உறைந்தாலோ, நாம் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம். பழைய தூரத்துக்கே திரும்ப வேண்டும். அதை நாயின் தோல்வியாகப் பார்க்க வேண்டியதில்லை. ஒரு வேளைச் சாப்பாட்டில் இரண்டு மூன்று முறை போதும், சும்மா சும்மா குறுக்கே நடந்துகொண்டிருந்தால் அதுவே தொந்தரவு. தினமும் செய்ய வேண்டும் என்றும் இல்லை. நிம்மதியாகத் தனியாகச் சாப்பிடும் வேளைகள்தான் எப்போதும் அதிகமாக இருக்க வேண்டும்.

இது குட்டிகளுக்கும் பொருந்தும். கூடப் பிறந்தவற்றோடு ஒரே தட்டில் முட்டிமோதித் தின்று வந்த குட்டிக்கு, பக்கத்தில் வருபவர் என்றாலே போட்டி என்று மனதில் பதிந்திருக்கலாம். புது வீட்டில் அதற்கு முதலில் தெரிய வேண்டியது இங்கே போட்டி இல்லை என்பதே. கையை நுழைப்பதற்குப் பதிலாக, எப்போதாவது கடந்து போகையில் ஒரு துண்டு போட்டுவிட்டு நகருங்கள். அவ்வளவே குட்டிக்குப் போதுமான பயிற்சி.

தட்டைத் தாண்டிய பிரச்சினையும் உண்டு. நாய் வாயில் எதையோ கவ்விக்கொண்டது, அது நமக்கு வேண்டும், அல்லது அதற்கு ஆபத்து. துரத்துவதும் தாடையை விரித்துப் பிடுங்குவதும்தான் பலருக்கு முதலில் தோன்றும். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், வாயிலிருந்து பொருளை வலுக்கட்டாயமாகப் பிடுங்கியவர்களில் சுமார் 39 சதவீதம் பேர், நாய் அதற்கு ஆக்ரோஷத்தால் பதில் சொன்னதாகத் தெரிவித்தார்கள். பிடுங்குவதற்குப் பதில் மாற்றிக்கொள்ளலாம். அதைவிட நல்ல ஒன்றைக் காட்டி, சற்றுத் தள்ளிப் போட்டு, நாய் நகர்ந்ததும் பொருளை எடுப்பது. எடுத்தது ஆபத்தில்லாத பொருள் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவது. திருப்பிக் கொடுப்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கொடுத்தால் நாய்க்கு இரண்டு லாபம், நல்லது ஒன்றும் கிடைக்கிறது, பொருளும் திரும்ப வருகிறது. விட்டது திரும்ப வரும் என்று அதற்குத் தெரிந்தால் பதுக்கும் எண்ணமே குறையும். "விடு" என்ற சொல்லை இப்படி விளையாட்டாக, ஒன்றும் அவசரமில்லாத நேரங்களில் சொல்லிப் பழக்கி வைத்தால், மாத்திரையோ கூரான எலும்போ வாயில் இருக்கும் நாளில் அது கைகொடுக்கும்.

இரண்டு நாய்கள் இருந்தால் தனித்தனி அறையில் சாப்பாடு. இதில் பேச அதிகம் இல்லை. ஒன்றாகச் சாப்பிட்டால்தான் ஒற்றுமை வளரும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம். இரண்டும் முடித்து, இரண்டு தட்டுகளையும் எடுத்து, சிந்தியதையும் துடைத்த பிறகு கதவைத் திறங்கள். தரையில் கிடக்கும் ஒரே ஒரு பருக்கைக்காக நல்ல நண்பர்கள் மோதிக்கொள்வார்கள்.

திடீர் மாற்றத்தைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். இத்தனை காலம் யார் வந்தாலும் கவலைப்படாமல் சாப்பிட்ட நாய் ஒருநாள் தட்டருகே உறுமத் தொடங்கினால், முதலில் போக வேண்டிய இடம் கால்நடை மருத்துவரிடம். பல் வலி, காது வலி, மூட்டு வலி இருக்கும் நாய் யாரும் கிட்ட வருவதை விரும்பாது. பசியைத் தூண்டும் நோய்களும் உண்டு: நீரிழிவு, அட்ரீனல் சுரப்பி மிகையாக வேலை செய்யும் குஷிங் நோய், குடற்புழு. மருந்தும் காரணமாகலாம். அரிப்புக்கும் ஒவ்வாமைக்கும் கொடுக்கும் ஸ்டீராய்டு மாத்திரைகள், வலிப்புக்குக் கொடுக்கும் ஃபீனோபார்பிட்டால் இரண்டுமே பசியை வெகுவாகக் கூட்டும். அந்த நாய்க்கு உணவின் மதிப்பு உண்மையிலேயே பல மடங்காகிவிட்டது. அதை அதட்டித் திருத்த முடியாது. மருந்து ஓடும் நாட்களில் தட்டைச் சுற்றி வழக்கத்தைவிடக் கூடுதல் தூரம் விடுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் பேசுங்கள்.

ஏற்கெனவே கடித்திருக்கிற நாய், அல்லது ஒரு முழு அறையையே காக்கிற நாய் என்றால் மேலே சொன்ன கடந்து போகும் பயிற்சியைத் தனியாகத் தொடங்க வேண்டாம். விலங்கு நடத்தை தெரிந்த மருத்துவரின் துணையோடு, அடிக்காத, அமுக்காத பயிற்சியாளரோடுதான் செய்ய வேண்டும். அதுவரை மூடிய அறையில், தனியாக, நிம்மதியாக அது சாப்பிடட்டும். கடிபட்டால் காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். வீட்டு நாய், தடுப்பூசி போட்ட நாய் என்று தள்ளிப்போடக் கூடாது. ஊசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

சாப்பாட்டைக் காக்கிற நாயை அதற்காகவே கைவிடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகவும் வலிக்கிறது. காப்பகங்களில் நீண்ட கைப்பிடியில் பொருத்திய பிளாஸ்டிக் கையைச் சாப்பிடும் நாயின் தட்டுக்குள் விட்டுப் பார்த்து, உறுமினால் அதைத் தத்துக் கொடுக்கத் தகுதியில்லாதது என்று ஒதுக்கிவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. 2012-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, அப்படித் தட்டைக் காத்த நாய்களை உரிய வழிகாட்டலோடு வீடுகளுக்கு அனுப்பிப் பின்தொடர்ந்தது. பெரும்பாலான வீடுகளில் அந்தப் பழக்கம் தலைகாட்டவே இல்லை. குரைப்பும் நெரிசலும் நிறைந்த புது இடத்தில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவில் காட்டிய நடத்தையை வைத்து ஒரு நாயின் வாழ்நாளையே தீர்மானித்துவிடுவது நியாயமில்லை.

செவலையிடம் காலடியின் அர்த்தம் மாறிவிட்டது. இப்போது நான் கடந்து போனால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அதே வேகத்தில் சாப்பிடுகிறாள். ஆனால் அது என் காலடிக்கு மட்டும்தான். நாய் இந்த நம்பிக்கையை ஆள் ஆளாகத்தான் கொடுக்கும். ஒருவரிடம் கற்றதை அடுத்தவர் மேல் அப்படியே ஏற்றிவிடாது. வீட்டில் நான்கு பேர் இருந்தால் பெரியவர்கள் ஒவ்வொருவரும் அறையின் மறுகோடியிலிருந்து தனியாகத் தொடங்க வேண்டும். இடம் மாறினாலும் அப்படியே. அதனால் தங்கை வந்து தங்கும் நாட்களில் செவலைக்குப் பின்னறையில் தட்டு வைத்து, கதவைச் சாத்திவிடுகிறோம். "நான்தானே, என்னை ஒண்ணும் செய்ய மாட்டா" என்று அவள் சொன்னாலும் கதவு சாத்தியேதான் இருக்கும். செவலை சாப்பிட்டு முடித்துக் கதவைப் பிராண்டியதும் திறந்துவிட்டு, அவள் தங்கையிடம் ஓடிய பிறகு தட்டைக் கழுவ எடுத்துப் போவேன்.